ஓரிரு இடங்களில்

சித்திரை மாதத்து மாலை. மேல்பட்டாம்பாக்கத்தில், கடலூர் – பண்ருட்டி சாலையோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மேற்கே, பண்ருட்டிப் பக்கம், வானம் மை கொட்டினாற்போல் கறுத்துக் கிடந்தது. ஐந்தரை மணிவாக்கில் ஜில்லென்று ஒரு காற்று கிளம்பி வந்தது. கடைமுன் கட்டியிருந்த தார்ப்பாய் படபடத்தது. சாலைப் புழுதி சுருண்டு எழுந்தது. மண்வாசனைகூட வந்தது. கடைக்காரர் வெளியே கிடந்த பெஞ்சை அவசரமாக உள்ளே இழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான். நாலு தூறல்கூட விழவில்லை. கால் மணி நேரத்தில் காற்றும் அடங்கியது. அப்போது பண்ருட்டியிலிருந்து வந்து நின்ற பேருந்தின் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "அங்க செம மழைண்ணே, ரோடெல்லாம் தண்ணி" என்றார் நடத்துநர், டீயை வாங்கிக்கொண்டே.

பக்கத்தில் இருந்த கரும்பு விவசாயிக்குப் பொறுக்கவில்லை. "நேத்தும் அங்கதான் பேஞ்சுது தம்பி. டிவியில கடலூர் மாவட்டத்துக்கு மழைன்னு சொன்னான். நம்ம ஊரு மாவட்டத்துல இல்லியா?"

கடைக்காரரிடம் விடை தயாராக இருந்தது. "எல்லாம் நெய்வேலி சுரங்கத்துச் சூடுங்க. அதான் மேகத்த இந்தப் பக்கம் அண்ட விடமாட்டேங்குது."

பண்ருட்டிக்கும் மேல்பட்டாம்பாக்கத்துக்கும் இடையே பத்து கிலோமீட்டர் இருக்கலாம். அங்கே கொட்டிய மழை இங்கே காற்றாக மட்டும் வந்து போனதேன்? முந்தின நாளே மழை வரும் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு எந்த ஊரில் வரும் என்று ஏன் சொல்லத் தெரியவில்லை?

முதலில் அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். கோடைக்காலத்தில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும்: இன்னின்ன மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னல், பலத்த காற்றுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். நம் காது மாவட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொள்கிறது, மழையைப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் 'ஓரிரு இடங்களில்' என்பதைப் பேச்சுக்குச் சொன்ன சொல்லாக விட்டுவிடுகிறது. உண்மையில் அந்த வாக்கியத்தில் மிகவும் அளந்து வைத்த சொல் அதுதான்.

ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கோ அதற்கும் குறைவாகவோ மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்கள்'. நான்கில் ஒரு பங்கைத் தாண்டிப் பாதி வரை என்றால் 'ஒரு சில இடங்கள்'. பாதிக்கு மேல் முக்கால் வரை போனால் 'பல இடங்கள்'. அதற்கும் மேலே 'பெரும்பாலான இடங்கள்'. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் கடைசிச் சொல்லைக் கேட்கலாம். சித்திரையில் அனேகமாக முதல் சொல்தான்.

மழையின் அளவுச் சொற்களும் இப்படித்தான். ஒரு நாள் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை சேர்ந்த தண்ணீர் 15.5 மில்லிமீட்டர் வரை என்றால் லேசானது, 64.4 வரை மிதமானது, அதைத் தாண்டினால் கனமழை. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது 'மிதமான மழை' என்று செய்தியில் படித்துவிட்டு நமக்குக் கோபம் வருவது இதனால்தான். அரை மணி நேரத்தில் கொட்டினாலும் அது அவர்கள் கணக்கில் 24 மணி நேரத்து மழையே.

சரி, ஏன் நான்கில் ஒரு பங்கு? அடுப்பில் உலை வைத்துப் பாருங்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் கொதிக்கும் என்று சமைக்கத் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் முதல் குமிழி பானையின் அடியில் எந்தப் புள்ளியில் கிளம்பும் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அடியில் ஒரு சிறு கீறல், ஒட்டியிருக்கும் ஒரு துளிக் காற்று, தீ கொஞ்சம் அதிகம் படும் ஓரம், இவற்றில் ஏதோ ஒன்று அதை முடிவு செய்யும். உலை கொதிப்பதற்கும் குமிழி கிளம்புவதற்கும் உள்ள இந்த வேறுபாடுதான் மாவட்ட முன்னறிவிப்புக்கும் நம் ஊர் மழைக்கும் இடையே இருப்பது.

கோடை மழைக்கு அறிவிப்பில் சொல்லப்படும் காரணம் 'வெப்பச்சலனம்'. வெப்பத்தால் உண்டாகும் அசைவு. வெயிலில் தரை சூடேறும், தரையைத் தொட்ட காற்று சூடேறும், சூடான காற்று இலேசாகி மேலே எழும். அதே வெயிலில் எல்லாத் தரையும் ஒரேபோல் சுடாது. பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது. நெல்லிக்குப்பம் பக்கம் தண்ணீர் பாய்ச்சிய கரும்புத் தோட்டத்தில் அவ்வளவு சூடு இருக்காது. வெயிலின் ஒரு பகுதி ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

எழுந்த காற்று மேலே போகப் போகக் குளிரும். சைக்கிள் டியூப்பின் வால்வை அழுத்தினால் வரும் காற்று விரலில் சில்லென்று படுமே, அதே காரணம்தான். அமுங்கியிருந்த காற்று விரியும்போது குளிர்கிறது. உயரத்தில் அழுத்தம் குறைவு என்பதால் எழும் காற்று விரிந்துகொண்டே போகிறது. நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் உயரத்தில் அதிலிருக்கும் ஆவி துளிகளாகி மேகமாகத் தெரியும். மேகங்களின் அடிப்பக்கம் அரிவாளால் வெட்டினாற்போல் தட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆவி துளியாகத் தொடங்கும் உயரம் அது.

இதுவரை நடந்ததில் வேகம் இல்லை. வேகம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இட்லிக் குண்டானைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால், அதே சூட்டில் இருக்கும் தண்ணீர் பட்டதைவிட மோசமாகப் பொத்துப்போகும். தண்ணீரை ஆவியாக்கச் செலவழித்த அடுப்புச் சூடு அந்த ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. கையில் பட்டு நீராகும்போது அது வெளியே வருகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். மேகத்துக்குள்ளும் இதுவே நடக்கிறது. ஆவி துளியாகும்போதெல்லாம் சுற்றியுள்ள காற்று சூடாகிறது, சூடானதால் இன்னும் எழுகிறது, எழுவதால் இன்னும் துளிகள் உண்டாகின்றன. தன் விறகைத் தானே சுமந்து செல்லும் அடுப்பு அது. அரை மணி, முக்கால் மணிக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குத் திரண்டுவிடும். ஐந்து கிலோமீட்டருக்கு மேலே உறைநிலை என்பதால், நாம் புழுங்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் தலைக்கு மேல் பனிக்கட்டித் துணுக்குகள் உரசிக்கொள்கின்றன. மின்னல் பிறப்பது அந்த உரசலில்.

இந்த இடத்தில் கடைக்காரரின் நெய்வேலிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். பத்து கிலோமீட்டர் நீளம், பத்து கிலோமீட்டர் அகலம் உள்ள பரப்பில் 2 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. கோடையில் இது சாதாரண மழை. மொத்தம் 20 லட்சம் டன் தண்ணீர். அந்த ஆவி நீராகும்போது வெளிவரும் வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 140 கோடி யூனிட். நெய்வேலியின் புதிய அனல்மின் நிலையம் 1000 மெகாவாட் திறன் கொண்டது. அது ஒரு நிமிடம்கூட நிற்காமல் முழுத் திறனில் ஓடினாலும் இவ்வளவு யூனிட் எடுக்க இரண்டு மாதம் ஆகும். பண்ருட்டி மேகம் ஒரு மணி நேரத்தில் அதைச் செய்துவிட்டுப் போகிறது. சுரங்கத்துச் சூடு இதை விரட்டும் என்பது, ஓடும் ரயிலை ஊதி நிறுத்தலாம் என்பது போலத்தான். வெட்டிப் போட்ட நிலமும் பாசன நிலமும் வேறுவேறாகச் சூடேறுவதால் குமிழி எங்கே கிளம்பும் என்பதில் சிறு பங்கு இருக்கலாம். அதற்கு மேல் பழியைச் சுரங்கத்தின் மேல் போட முடியாது. 

அப்படியானால் வெயில் கொளுத்தும் எல்லா நாளும் ஏன் மழை வருவதில்லை? ஏப்ரல் முழுக்கக் கடலூரில் ஈரமும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. சட்டை முதுகில் ஒட்டுகிறது. மேகத்தைத்தான் காணோம்.

இங்கே தமிழில் காற்றுகளுக்கு இருக்கும் பழைய பெயர்கள் கைகொடுக்கின்றன. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பருவத்துக்கும் காற்றுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் கவனமாகத்தான் வைத்திருக்கிறார்கள். தக்காணப் பீடபூமியில் காய்ந்து வரும் மேற்குக் காற்று சூடானது, வறண்டது. கொண்டல் என்றால் கடலிலிருந்து வரும் கீழ்க்காற்று, மேகத்துக்கும் அதுவே பெயர். ஈரம் அதில்தான் இருக்கிறது.

நம் கடலோரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பல நாள் இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். கீழே கொண்டல், அதன்மேல் மூடிபோலக் கோடை. கீழிருந்து எழும் ஈரக்காற்று தன்னைவிடச் சூடான அந்த அடுக்கில் முட்டி நின்றுவிடும். இதை மூடிக்காற்று என்று வைத்துக்கொள்வோம். மூடி இறுகியிருக்கும் நாளில் புழுக்கம் மட்டும். மூடி தளர்ந்த நாளில், அல்லது ஏதோ ஒன்று அதைக் கீழிருந்து முட்டித் திறந்த இடத்தில், அதுவரை அடைபட்டிருந்தது ஒரேயடியாகப் பொங்கும். மூடாத உலை மெதுவாக ஆவி விட்டுக்கொண்டிருக்கும், மூடிய உலை தட்டைத் தள்ளிக்கொண்டு வழியும் அல்லவா? கோடை மழை இவ்வளவு ஆங்காரமாக வருவதற்கு இந்த மூடியும் ஒரு காரணம். வெப்ப எச்சரிக்கையும் இடிமழை எச்சரிக்கையும் ஒரே அறிக்கையில் இருப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

மூடியை முட்டித் திறப்பது எது? வானிலை அறிக்கைகளில் அடிக்கடி வரும் இன்னொரு தொடர்: கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி. கொண்டலும் கோடையும் நேருக்கு நேர் மோதும் இடத்தில் இரண்டுக்கும் போக வழியில்லை, மேலே எழுந்தாக வேண்டும். இந்தச் சந்திப்பு பெரிய அளவிலும் நடக்கும்; விதர்ப்பாவிலிருந்து கர்நாடகத்தின் உட்பகுதி வழியாகத் தமிழ்நாடு வரை நீளும். சிறிய அளவில், தினந்தோறும், நம் கடற்கரையிலும் நடக்கும். அதுதான் கடற்காற்று. மதியம் தரை கடலைவிடச் சூடாகிவிட, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. அதன் முன்விளிம்பு ஓர் ஆப்புப் போல, வெயிலில் காய்ந்த காற்றின் அடியில் நுழைந்து அதைத் தூக்குகிறது.

அந்த விளிம்பைக் கண்ணால் பார்க்க முடியாது. டாப்ளர் ரேடாரில் சில நாள் கரைக்கு இணையாக மெல்லிய கோடாகத் தெரியும். அப்போது மழையே இருக்காது. ரேடார் எதைப் பார்க்கிறது? பூச்சிகளை. காற்று குவியும் அந்தக் கோட்டில் சிறு பூச்சிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு நான் அறிவியல் சான்றிதழ் தரப்போவதில்லை. ஆனால் பூச்சிகள் காற்றின் போக்கைக் காட்டும் என்பதில் ரேடார் நிபுணர்களுக்கு ஐயம் இல்லை.

இப்போது டீக்கடைக்குத் திரும்பலாம். அன்று கடற்காற்று மதியமே மேல்பட்டாம்பாக்கத்தைக் கடந்து மேற்கே போயிருக்க வேண்டும். இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் இதமாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. சந்திப்புக் கோடு நாலு, ஐந்து மணிக்குப் பண்ருட்டிச் செம்மண் மேட்டைத் தொட்டபோது அங்கே மூடி திறந்தது. மேகம் திரண்டது, கொட்டியது. நமக்கு வந்த அந்த ஜில் காற்று?

கொட்டும் மழை தன்னோடு குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்துக்கொண்டு வரும். வழியில் துளிகள் ஆவியாவதால் அது மேலும் குளிரும். தரையில் மோதியதும், கூடத்தில் குடம் தண்ணீரைக் கவிழ்த்ததுபோல நாலா பக்கமும் பரவும். மழை நனைத்த மண்ணின் வாசனையைச் சுமந்துகொண்டு பத்து, இருபது கிலோமீட்டர்கூட ஓடும். மேல்பட்டாம்பாக்கத்தில் தார்ப்பாயை உலுக்கியது பண்ருட்டி மழையின் மூச்சு. பரவிய குளிர்காற்று பிறகு தரையோடு பாய் விரித்தாற்போல் படிந்துவிடும். குளிர்ப்பாய் என்று சொல்லத் தோன்றுகிறது. கனமான குளிர்காற்று கீழே கிடக்கையில் அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழாது. அதன் ஓரத்தில் மட்டும் வெதுவெதுப்பான காற்று தூக்கப்பட்டு இன்னொரு மேகம் பிறக்கலாம். கோடை மழை ஓர் ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குத் தாவுவது இப்படித்தான்.

"ஆஹா, மழை வருது" என்று நாங்கள் முகத்தில் வாங்கிக்கொண்ட அந்தக் காற்றே எங்கள் மழையைக் கெடுத்தது. கடற்காற்று ஏற்கனவே ஒரு பாய் விரித்திருந்தது. பண்ருட்டி மேகம் அதன்மேல் இன்னொன்றை விரித்துவிட்டுப் போனது. மேலடுக்கில் மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாளில் கதை மாறும். உள் மாவட்டங்களில் மாலையில் திரண்ட மேகங்கள் கூட்டமாகக் கிழக்கே தள்ளப்பட்டு, ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குக் கடலூரை இடியால் எழுப்பும். அன்று அப்படி இல்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும்? மேகத்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் சொன்னது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் 1947-இல் ஒஹாயோவிலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. போரில் பயன்பட்ட இரவுநேரப் போர் விமானங்களை ஐந்து வெவ்வேறு உயரங்களில் வரிசையாக ஒரே இடிமேகத்துக்குள் செலுத்தினார்கள். மற்ற விமானிகள் இடிமேகத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். இவர்கள் தேடிப் போய் நுழைந்தார்கள். ஹொரேஸ் பையர்ஸ், ராஸ்கோ பிரஹாம் என்ற இருவர் அந்த அளவீடுகளிலிருந்து இடிமேகத்தின் வாழ்க்கையைக் கோத்தெடுத்தார்கள். முதலில் ஏறுகாற்று மட்டும், பிறகு ஏறுகாற்றும் இறங்குகாற்றும் ஒன்றாக, கடைசியில் இறங்குகாற்று மட்டும். மழை பெய்யத் தொடங்கும்போதே மேகம் தன் அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது. தனி மேகம் ஒன்றின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

ஒரு மணி நேரமே வாழும் ஒன்றை முந்தின நாள் எப்படிக் கணிப்பது? மேகத்தை யாரும் கணிப்பதில்லை, உலையைத்தான் கணிக்கிறார்கள். சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வாயு நிரப்பிய பலூன்கள் கருவிகளோடு வானில் ஏறுகின்றன. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை ஆகியவற்றை அனுப்பிக்கொண்டே போய், மிக உயரத்தில் வெடிக்கின்றன. மேல்பட்டாம்பாக்கம் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது. மூடி எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கம் என்பது அந்த அளவீட்டில் தெரியும். 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இன்சாட் செயற்கைக்கோள்கள் மேகங்களைப் படமெடுக்கின்றன. எல்லாம் கணினிக்குப் போகிறது. 2025 மே மாதம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பு நாட்டை ஆறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. உலகளாவிய மாதிரிகளில் இது மிக நுணுக்கமானது. ஆனாலும் மேல்பட்டாம்பாக்கம் பேரூராட்சி முழுதும் அதில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். இடிமேகத்தின் ஏறுகாற்றோ இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலம். நெல் சலிக்கும் சல்லடையில் கேழ்வரகைப் பிடிக்கப் பார்ப்பதுபோல.

மேகம் பிறந்துவிட்டால் ரேடாரின் வேலை. 2002-இல் நாட்டின் முதல் டாப்ளர் ரேடார் சென்னைத் துறைமுகத்தில் வந்தது, காரைக்காலிலும் ஒன்று இருக்கிறது. அவற்றை வைத்துத்தான் 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்று சொல்லும் அறிவிப்பு வருகிறது. ரேடாரிலும் ஒரு சங்கடம் உண்டு. அதன் கதிர் நேராகப் போகும், பூமி வளைந்து தாழும். சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் தள்ளி நம் தலைக்குமேல் வரும்போது கதிர் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும். அங்கே தெரிகிற மழை தரைக்கு வருமுன் காய்ந்து போகலாம்.

வார அளவில் பார்த்தால் நிலைமை இன்னும் விசித்திரமானது. எந்த ஊர் என்று நாளைக்கே சொல்ல முடியாதவர்கள், அடுத்த வாரம் இடிமழை அதிகம் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்கிறார்கள். காற்றுச் சந்திப்புகளும் கடலின் ஈரமும் பெரிய உருவங்கள், நாள்கணக்கில் நிற்பவை. அவை மாறினால் சில நாட்களிலேயே கதை தலைகீழாகும். 2024 ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் 42 டிகிரிக்கு மேல் கொளுத்தியது. அதே மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஓர் உயிரைக் கொண்டுபோனது. 2025-இல் கத்திரி வெயில் தொடங்கிய மே 4 அன்றே சென்னையில் சூறைக்காற்றோடு இடிமழை. பஞ்சாங்கத்தின் அக்னி நட்சத்திரம் சூரியன் பரணி, கார்த்திகை, ரோகிணியில் இருக்கும் நாளைக் கணக்கிடுவது. காற்று அன்று எங்கே சந்திக்கிறது என்பது அதன் கணக்கில் இல்லை.

கரும்பு விவசாயியின் குற்றச்சாட்டுக்கு என் தீர்ப்பு இது: அறிவிப்பு பொய் சொல்லவில்லை. வாரம் முழுக்க 'ஓரிரு இடங்களில்' என்று வந்தாலும் ஒரு குறிப்பிட்ட ஊருக்கு அதில் ஒன்றோ இரண்டோ நாள் மழை கிடைத்தால் அதிகம். மீதி ஐந்தாறு நாளை நாம் பொய்யாகப் போன கணக்கில் எழுதி வைக்கிறோம். ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இத்தனை அளந்து வைத்த சொற்களின் பொருளை அறிவிப்பவர்கள் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. தொலைக்காட்சியில் வரைபடத்தில் கடலூர் மாவட்டம் முழுவதையும் ஒரே மஞ்சளாக அடித்துவிட்டால், அவர் தன் கொல்லையையும் அதில் பார்க்கத்தான் செய்வார்.

வயலில் வேலை இருப்பவர்களுக்கு ஒன்று. காலையில் கேட்ட அறிவிப்பை மாலைவரை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் மூன்று மணி நேர அறிவிப்பைப் பாருங்கள், மின்னலுக்கென்று இருக்கும் தாமினி செயலியையும் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள், அதாவது பண்ருட்டிக்கும் மேல்பட்டாம்பாக்கத்துக்கும் உள்ள தூரத்துக்குள் இருக்கிறது. இந்த நாட்டில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்னலுக்குப் பலியாகிறார்கள். மழை நம் ஊரில் பெய்யாவிட்டாலும் மின்னல் வந்து சேரும். முந்திரி மரத்தடியிலும் பலா மரத்தடியிலும் ஒதுங்காமல், கட்டிய வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.